கல்யாணத்தில் 'பிளெத்தோரா' கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான்காம் படிவம் படிக்கும் என் பேத்தி போன வாரம் தன் ஆங்கிலக் கட்டுரையை என்னிடம் நீட்டினாள். அவள் அத்தை, அதாவது என் மகள், கல்யாணத்தைப் பற்றியது. மண்டபத்துக்கு 'எ பிளெத்தோரா ஆஃப் கெஸ்ட்ஸ்' வந்தார்களாம். இந்தச் சொல் எங்கே கிடைத்தது என்றேன். டியூசனில் கொடுத்த தாளைக் காட்டினாள். 'எ லாட் ஆஃப்' எழுதினால் மார்க் போய்விடும் என்று மேலே ஒரு மிரட்டல். கீழே 'நிறைய' என்பதற்குப் பதிலாகப் போட முப்பது சொற்கள்: பிளெத்தோரா, மிரியட், கலோர், ஆம்பிள், கோப்பியஸ் என்று போகிறது. எதை எங்கே போடுவது என்று ஒரு வரிகூட இல்லை. மளிகைக் கடைச் சீட்டுகூட அரிசி எத்தனை கிலோ என்று சொல்லும்.

பிளெத்தோரா கிரேக்கச் சொல். நிறைவு என்று பொருள். பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் உடம்பில் ரத்தம் மிதமிஞ்சிப் போவதை இப்படி அழைத்தார்கள். கீறி வடித்துவிடுவதுதான் வைத்தியம். இன்று வெறும் 'நிறைய' என்ற பொருளிலும் எழுதுகிறார்கள், அகராதியும் ஒத்துக்கொள்கிறது. ஆனாலும் பழகிய காதில் 'வேண்டியதற்கு மேலே' என்ற வாடை அடிக்கத்தான் செய்யும். பந்தியில் இலை பற்றாமல் போனது உண்மை. அதற்காக வந்த சனத்தை வடித்துவிட வேண்டிய ரத்தமாக்கலாமா?

கலோர் அயர்லாந்து மொழியிலிருந்து வந்தது. அங்கே போதுமானது, தாராளம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால்தான் நிற்கும். டுரியான் பழச் சீசனில் இங்கே சாலையோரம் 'டுரியான் கலோர்' என்று பலகை வைக்கலாம். 'கலோர் டுரியான்' என்று வைத்தால் புது ரகம் என்று நினைத்து நாலு பேர் வண்டியை நிறுத்துவார்கள். மிரியட் என்றால் கிரேக்கத்தில் 10,000. நாம் 'எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு' என்கிறோமே, அந்த மாதிரி.

30 வருடம் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். மச், மெனி என்ற தகராறை எனக்குத் தீர்த்து வைத்தது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடுதான். வெட்டின குலைகளைப் பாதையோரம் வரிசையாக வைத்திருப்பார்கள். காம்பில் வெட்டியவர் நம்பர் இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் ஏற்றுவேன். பக்கத்திலேயே சாக்கில் உதிரிப் பழம். அதை யார் எண்ணுவார்? நிறுப்பதுதான். எண்ணுகிற குலைக்கு மெனி, நிறுக்கிற உதிரிக்கு மச். பேத்திக்கு இதைச் சொன்னதும், 'அப்போ தண்ணிக்கும் மச்தானே தாத்தா?' என்றாள். பல வீடு என்கிறோம், பல தண்ணீர் என்று யாரும் சொல்வதில்லையே. அந்தக் கணக்கு பிள்ளைகள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. மலாயில் பான்யாக் ஓராங், பான்யாக் ஆயெர் என்று ஆளுக்கும் தண்ணீருக்கும் ஒரே சொல். அதே பழக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் 'மச் பீப்பள்' வந்து விழுகிறது.

'லாட்' மேல் ஏன் இவ்வளவு கோபம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. முதலில் அது குலுக்கிப் போடும் சீட்டு. பிறகு சீட்டில் விழுந்த பங்கு, பிறகு நிலத்துண்டு, குவியல், கடைசியில் நிறைய. நிலத்துண்டு என்ற அர்த்தத்தை எங்கள் சுங்கை சிப்புட் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் லாட் லாட்டாகத் துண்டாடினார்கள், லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டினார்கள். அப்போது அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலால்தான். பேச்சிலும் கடிதத்திலும் 'எ லாட் ஆஃப்' தாராளமாக வரட்டும். பரீட்சைக் கட்டுரைக்கு வேண்டாம் என்றால், சாதாரண 'மெனி' இருக்கிறதே, அதற்கு என்ன குறை?

தமிழிலும் இந்தக் கதைதான். சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறும் மிகுதியைக் குறிக்கும் என்கிறது நன்னூல். ஆறும் ஒன்றுதான் என்று எடுத்து வீசிவிட முடியுமா? உறுபசி என்றால் வயிறு காய்வது தெரிகிறது. நனிபசி என்றால் அது யார் வீட்டுப் பசி?

நானும் ஒரு காலத்தில் சறுக்கியவன்தான். முதல் மாத அறிக்கையில் 'பிளென்டி ஆஃப் ரெயின்' என்று பெருமையாக எழுதி அனுப்பினேன். துரை சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் 'எத்தனை இஞ்சு?' என்று கேட்டிருந்தார். மழை அளக்கும் குடுவை ஆபீஸ் வாசலிலேயே இருந்தது, நான்தான் எட்டிப் பார்க்கவில்லை.

தங்கள் மாணவர் பக்கத்தில் இப்படிப்பட்ட சொற்களைப் போடும்போது, சொல்லுக்கு ஒரு வாக்கியமாவது சேர்த்துப் போடுங்கள். வாரத்துக்கு மூன்று சொல் போதும். முப்பது வேண்டாம்.

பேத்தி கட்டுரையைத் திருத்திவிட்டாள். மொய் நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்ததில் 412 பேர் வந்தது. அதையே எழுதியிருக்கிறாள். டியூசன் டீச்சர் என்ன சொல்கிறார் என்று திங்கட்கிழமைதான் தெரியும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.