ஊர்க்கூட்டத்தில் எங்களுக்கும் பாய் விரியுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களின் தலைவர்களுக்கும் ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரையில் கடற்பாசி எடுக்கும் பெண். எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டும் சமீபம்வரை என்னிடம்தான் இருந்தது. உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் எழுதுகிறேன்.

நம் வறுமைக்குக் காரணம் கேட்டால் மழையில்லை, மீன்பாடு இல்லை, எல்லையில் தொல்லை என்று சொல்கிறோம். எல்லாம் உண்மை. 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற இரண்டு மாவட்டங்களில் ஒன்று நம்முடையது, இன்னொன்று விருதுநகர். ஆனால் கையில் வந்த காசு கையில் நிற்காமல் போவதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

காய வைத்த மரிக்கொழுந்துப் பாசியை மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டால், அவருடைய தராசு சொன்னதுதான் எடை. ஈரம், மணல் என்று அதிலும் கழிப்பார். முன்பணம் வாங்கியிருப்பதால் யாரும் வாய் திறக்க மாட்டோம். ஒரு வருடம் குழுச் சேமிப்பிலிருந்து நாங்களே ஒரு மின்னணுத் தராசு வாங்கினோம். பூவரச மரத்தடியில் வைத்து நிறுத்தபோது 32 கிலோ காட்டிய மூட்டை, அவர் தராசில் 28 காட்டியது. யாரும் சத்தம் போடவில்லை. எங்களில் மூத்த அக்கா ஒருவர் அந்த மூட்டையைத் தானே தூக்கி வந்து மறுபடியும் எங்கள் தராசில் வைத்தார். "நீங்களே பாருங்க தம்பி" என்று வியாபாரியைக் கூப்பிட்டார். உப்புநீரில் ஊறி வெடித்த விரல்களில் அன்றைக்குக் கட்டியிருந்த துணிகூட இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. அன்றிலிருந்து எடை போடுவது எங்கள் தராசில்தான்.

அந்த அக்காவுக்குக் கணவர் இல்லை. அதனால் ஊர்க் கணக்கில் அவர் ஒரு தலைக்கட்டு இல்லை, அதாவது அவர் வீடு ஒரு முழுக் குடும்பமாகச் சேராது. கூட்டத்தில் உட்கார அவருக்கு இடமும் இல்லை. ஏலம் யாருக்கு, ஊர் வரி எவ்வளவு, குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில் என்றெல்லாம் நீங்கள் முடிவெடுக்கும்போது அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

கடலில் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் இறங்குவது, வேரோடு பிடுங்காமல் பாசியைக் கிள்ளி எடுப்பது என்ற கட்டுப்பாடு பாசி எடுக்கும் பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டது. பசியோடு இருக்கும் வீட்டுக்காரி இன்றைக்குப் போக வேண்டாம் என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது கடலுக்குப் போகும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதைவிட என்ன தலைமைப் பயிற்சி வேண்டும்?

சட்டம் எங்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில் நம் மாவட்டத்திலும் எத்தனையோ பெண்கள் ஜெயித்தார்கள். அவர்களில் சிலருடைய நாற்காலியில் கணவரோ மகனோ உட்கார்ந்ததையும் பார்த்தோம். ஊர்க்கூட்டத்தில் ஒருநாளும் பேசிப் பழகாதவரைத் திடீரென்று தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்? 2025 ஜனவரியில் அந்தப் பதவிக்காலமும் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஊருக்குத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் குழுக்கள் நம் கரைக்கும் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் பல குழுக்களில் குழுவை நடத்தும் ஊக்குநரும் மாறவில்லை, பிரதிநிதிகளும் மாறவில்லை. பயிற்சி என்றால் போகிறவரும் அவரே, வங்கிக்குப் போகிறவரும் அவரே. எங்கள் குழுவில் அந்த ஒருத்தி நான்தான். மற்றவர்களுக்கு எழுதத் தெரியாது என்று சொல்லிச் சொல்லியே நோட்டை நான் பிடித்துவைத்திருந்தேன். இந்தத் தை மாதத்திலிருந்து அதை ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். கூட்டல் தப்பு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறேன். ஆனால் மாதாமாதம் கணக்கைச் சத்தமாக வாசிக்கிறாள், எல்லோரும் கேட்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள். நான் எழுதிய காலத்தில் யாரும் கேட்டதில்லை.

அண்ணன்மார்களே, பெரியவர்களே, ஊரை எங்களிடம் ஒப்படைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. உங்கள் பக்கத்தில் பாதி இடம் கேட்கிறோம். கணவரை இழந்தவரையும் தனியாகக் குடும்பம் நடத்துகிறவரையும் முழுத் தலைக்கட்டாக எழுதுங்கள். ஊர்ப்பணத்தின் வரவு செலவை எங்களுக்கும் கேட்கும்படி வாசியுங்கள். கிராம சபைக்குப் போகும் முன் என்ன கேட்பது என்று ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம்.

அடுத்த கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பும்போது எங்கள் தெருவுக்கும் ஆள் அனுப்புங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் உள்வாங்கும் அந்த வற்றத்தில் நாங்கள் கடலில் இருப்போம்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் உங்கள் ஊர்ப் பெண்