செல்வத்துக்கு, உன் மகள் கேட்ட கேள்வி பற்றி

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி தேவலையா? சீட்டுப் பணம் போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

இத்தனை நாள் எழுதாதவனை இன்று உட்கார வைத்தது உன் மகள்தான். நேற்று போனில் கேட்டாள்: "மாமா, மாடு வண்டியை இழுக்கிற அதே விசையில் வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்குதாம். ரெண்டும் கழிஞ்சு போயிடுமே, அப்புறம் வண்டி எப்படி நகருது?" நீ அதற்கு, "புத்தகத்தில் இருப்பதை எழுது, மார்க் வரும்" என்றாயாம். அடப்பாவி! நியூட்டன் விதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பரீட்சைக்குப் போனவன் வேறென்ன சொல்வான்?

விசைகள் சமம்தான், எதிரெதிர்தான். ஆனால் ஒன்று வண்டியின் மேல், மற்றது மாட்டின் மேல். உன் கடனை என் வரவில் கழிக்க முடியுமா? வண்டி நகருமா என்று பார்க்க, வண்டியின் மேல் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: முன்னால் மாட்டின் இழுவை, பின்னால் சக்கரத்தைப் பிடிக்கிற உராய்வு. இழுவை மிஞ்சினால் வண்டி கிளம்பும். வண்டியும் மாட்டை இழுக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால், நுகத்தடி அழுத்திக் காய்ப்பேறிய அதன் கழுத்தைப் பார்க்கச் சொல்.

சரி, மாடு எப்படி முன்னே போகிறது? குளம்பால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தரை மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது. வாய்க்கால் மேட்டில் அந்தக் கரும்பு வண்டி சிக்கியதே, மாட்டுக்குப் பலமில்லாமலா? சேற்றில் குளம்பு வழுக்கியது, தரையிடமிருந்து உந்துதல் கிடைக்கவில்லை. காலடியில் வைக்கோலைப் பரப்பியதும் நகர்ந்தது. தான் தள்ளியதால்தான் என்று குண்டுமணி இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பெரிய இடத்திலேயே இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னேறும் என்று அமெரிக்க ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் காடார்டைக் கேலி செய்தது. பள்ளிக்கூடப் பாடம்கூடத் தெரியாதவர் என்கிற தொனியில். ராக்கெட்டுக்கு வெளிக்காற்று எதற்கு? அது தன் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, அந்த வாயுவே அதை முன்னால் தள்ளுகிறது. நிலவுக்கு மனிதர்களை ஏற்றிக்கொண்டு அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. காடார்டு 1945-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, செல்வம். விதியை ஒப்பிக்கிற பிள்ளைகள் நிறைய. அதை வண்டியோடு பொருத்திப் பார்த்து முரண்டு பிடிக்கிற பிள்ளை அபூர்வம். தயவுசெய்து அவள் வாயை அடைக்காதே.

பொங்கலுக்கு வருகிறேன். பூமி தேங்காயை இழுக்கிற அதே விசையில் தேங்காயும் பூமியை இழுக்கிறது, பிறகேன் தேங்காய் மட்டும் விழுகிறது என்று அவளிடம் கேட்டு வை. பதில் சொன்னால் அவளுக்கு அல்வா. உனக்குக் கிடையாது.

அன்புடன்,
ரவி