கையெழுத்துப் போட மட்டும் ஒரு டாக்டரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடும் நோயுள்ள குழந்தைகளின் ஆசைப் பயணங்களை நிறைவேற்றப் பணம் திரட்டும் நம்மவர்களுக்கு டர்பனில் குறைவில்லை. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிரியாணி விற்று ஒரு குழந்தையின் பயணச் செலவைத் தேற்றிவிடுகிறார்கள். குறை அங்கே இல்லை. மருத்துவப் பொறுப்பாளர் என்று ஒருவரை வைத்துக்கொண்டு அவரிடம் கடைசியில் போகிறார்களே, அதுதான் குறை. குழந்தையைத் தேர்ந்தாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று, துண்டறிக்கை அடித்தாயிற்று, குழந்தையிடமும் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு “டாக்டர், இதில் ஒரு கையெழுத்து” என்று போய் நின்றால் அவர் எப்படி மறுப்பார்?

அந்தப் பொறுப்பாளர் முதலில் கை வைக்க வேண்டியது குழந்தையின் நோய் விவரம் கேட்கும் படிவத்தில். “உயிருக்கு ஆபத்தான நோயா? ஆம் / இல்லை” என்று ஒற்றைக் கேள்வி கேட்டால், எந்த டாக்டரும் இரக்கப்பட்டு “ஆம்” என்றே குறிப்பார். நோயின் பெயர், எந்தக் கட்டம், கடைசியாகப் பார்த்த தேதி, அடுத்த கீமோ தேதி, உடம்பில் பொருத்தியிருக்கும் குழாய்கள், ஒவ்வாமை, இரவில் கூப்பிட வேண்டிய எண் எல்லாம் கேட்க வேண்டும். மூச்சு நின்றால் என்ன செய்வதென்று குடும்பத்தோடு பேசி முடிவெடுத்தாயிற்றா என்பதையும் கேட்க வேண்டும். பலரும் கேட்கக் கூசுகிற கேள்விதான். ஆனால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது அந்தத் தாளைத் தேட முடியாது. படிவத்தை நிரப்ப வேண்டியவர் சிகிச்சை தரும் நிபுணர். தெருமுனை டாக்டருக்குக் குடும்பத்தைத் தெரியும், அடுத்த கீமோ தேதி தெரியாது. நிரப்பிய படிவத்துக்கும் ஆயுள் உண்டு: 30 நாளுக்கு மேல் செல்லாது என்று வைத்துக்கொள்வது நல்லது. புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பு ஒரு முறை தொலைபேசியில் கேட்டே ஆக வேண்டும்.

எங்கே தவறும் என்பதற்கு ஆக்சிஜனைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில். இங்கே நிமிடத்துக்கு 1 லிட்டரில் சமாளிக்கும் நுரையீரல் நோயுள்ள குழந்தைக்கு அங்கே அது போதாமல் போகலாம். 400 லிட்டர் சிலிண்டர் 1 லிட்டர் வேகத்தில் 6 மணி 40 நிமிடம் வரும். காரில் போனால் 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். கணக்குச் சரியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் மேலே ஏற ஏறத் தேவை 2 லிட்டராகிவிட்டால் அதே சிலிண்டர் 3 மணி 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வழியிலுள்ள வான் ரீனன் கணவாயில் ஒரு லாரி புரண்டு பாதை அடைபட்டால் என்ன செய்வது? கணக்கிட்டதுபோல் இரண்டு மடங்கு கையில் இருக்க வேண்டும், சிலிண்டரின் மீட்டரைப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் போக வேண்டும்.

விமானத்தில் போனால் வேறு சிக்கல். சொந்த சிலிண்டரைப் பெரும்பாலும் ஏற்ற விடமாட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், விமான நிறுவனம் ஏற்றுக்கொண்ட சிறு கான்சன்ட்ரேட்டர் வேண்டும், பயண நேரத்தின் ஒன்றரை மடங்குக்குத் தாங்கும் பேட்டரியும் வேண்டும். அவற்றில் பல, மூச்சை இழுக்கும்போது மட்டும் ஆக்சிஜன் விடும் வகை. சின்னக் குழந்தையின் மெல்லிய மூச்சு அந்தக் கருவிக்குத் தெரியாமல் போகலாம். விளக்கு எரியும், ஆக்சிஜன் வராது. தொடர்ந்து விடும் வகையா என்று கேட்டு, குழந்தையின் மூக்கில் மாட்டிப் பார்த்த பிறகே வாடகைக்கு எடுக்க வேண்டும். விமானத்துக்குள் காற்று 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக மெலியலாம். அதனால் வீட்டில் ஆக்சிஜனே தேவைப்படாத நுரையீரல், இதய நோயாளிக் குழந்தைக்குக்கூட, 15 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்துப் பார்க்கும் சோதனை தேவையா என்று நிபுணரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தேதி. கீமோ முடிந்த 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகக் கீழே இறங்கும். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே இருக்கும் குழந்தையைத் தைப்பூசக் காவடிக் கூட்டத்துக்குள் கூட்டிப்போவது பக்தி ஆகாது. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். எனவே போகிற இடத்திலிருந்து அதைச் செய்யக்கூடிய மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதை முதலில் பார்க்க வேண்டும், விடுதியின் நட்சத்திரங்களைப் பிறகு எண்ணலாம். “காவடி எடுக்கணும்” என்று குழந்தையே ஆசைப்பட்டால்? முடியாது என்று சொல்வது பொறுப்பாளரின் வேலை இல்லை. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும் வாரத்தில், கூட்டமில்லாத காலை வேளையில், கோயிலாரிடம் பேசி ஏற்பாடு செய்வதுதான் வேலை. வெளியே மணிக்கணக்காக இருந்த பஞ்சாமிர்தமும் காய்ச்சாத அபிஷேகப் பாலும் மட்டும் வேண்டாம். அர்ச்சகர் கையால் தோல் உரிக்காத வாழைப்பழம் கொடுத்தால் போதும். மார்பில் தோலுக்கு வெளியே நீளும் ஹிக்மன் என்ற மருந்துக் குழாய் இருந்தால் கடலில் குளிப்பதும் வேண்டாம். மருந்து ஏற்றும் போர்ட் என்ற சிறு கருவியைத் தோலுக்கடியில் வைத்து, ஊசி குத்தாமல் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

சிங்கம் பார்க்க எல்லாக் குழந்தைக்கும் ஆசை. க்ரூகர் பூங்காவில் மலேரியா உண்டு, முக்கியமாக செப்டம்பர் முதல் மே வரை. மண்ணீரல் எடுத்த குழந்தைக்கு மலேரியா கொடுமையாகும். மலேரியாத் தடுப்பு மருந்துகளில், வலிப்பு உள்ள குழந்தைக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. 8 வயதுக்குக் கீழே டாக்ஸிசைக்ளின் தருவதில்லை. பிலானெஸ்பர்க் பூங்காவில் மலேரியா இல்லை, அங்கும் சிங்கம் இருக்கிறது.

இன்னொன்று, பேசத் தயங்குகிற விஷயம். “ஆசையை நிறைவேற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றால் டாக்டர் கைவிட்டுவிட்டார்” என்று குடும்பங்களில் ஒரு பேச்சு. பாட்டி அழ ஆரம்பித்தால் குழந்தைக்கும் புரிந்துவிடும். இந்தப் பயத்தால் குடும்பமும் விண்ணப்பிக்காது, டாக்டரும் பெயர் அனுப்பமாட்டார். கடைசி மாதத்தில் கேட்டால் குழந்தைக்கு எழுந்து உட்காரத் தெம்பிருக்காது. உயிருக்கு ஆபத்தான நோய் என்பது வேறு, இறக்கப்போகிற குழந்தை என்பது வேறு. சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் குழந்தைகள் நிறைய. இதை வார்டு நர்ஸுகளிடமும் குடும்பங்களிடமும் போய்ச் சொல்ல வேண்டியவர் மருத்துவப் பொறுப்பாளர்தான். உண்மையிலேயே நாள் குறைவாக இருக்கும் குழந்தைக்கென ஒரு தனி வழி வேண்டும்: இரண்டு நாளில் முடிவு, கமிட்டிக் கூட்டத்துக்குக் காத்திருப்பதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் நோயின் பெயரோடு படம் போடுவது சட்டப்படியே தவறாகலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நிலைத் தகவல் தனிப் பாதுகாப்பு பெற்றது. எச்.ஐ.வி. என்றால் 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டமே பேசுகிறது: 12 வயதான குழந்தையின் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது, அம்மா சரி என்றாலும். படத்துக்கான சம்மதமும் மருத்துவத் தகவலுக்கான சம்மதமும் இரண்டு தனித்தனித் தாள்கள். படம் வேண்டாம் என்றால் பயணம் இல்லை என்று மறைமுகமாகக்கூடச் சொல்லக்கூடாது.

இதற்கெல்லாம் முழுநேர டாக்டர் தேவையில்லை. வாரத்தில் இரண்டு அரைநாள் ஒதுக்கக்கூடிய, தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவுள்ள ஒருவர், முடிந்தால் குழந்தை மருத்துவர், போதும். அவரோடு புற்றுநோய், இதயம், நரம்பு பார்க்கும் மூவரும், வலி தணிப்புச் சிகிச்சையில் பழகிய ஒரு நர்ஸும் தொலைபேசியில் கிடைக்க வேண்டும். தன் நோயாளி பற்றிய முடிவில் பொறுப்பாளர் கலந்துகொள்ளக்கூடாது. நிதி திரட்டுபவரின் கீழே அவரை வைக்கக்கூடாது. நேரே அறங்காவலர் குழுவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மறுத்த விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து அதே நோய்க்கு வேறு பதில் போகாது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேருந்து வாடகைக்கும் டி-ஷர்ட்டுக்கும் தீர்மானம் போடுகிறோம். இந்தப் பதவிக்கும் அதிகாரத்துக்கும் ஒரு தீர்மானம் இந்த ஆண்டு நிகழ்ச்சிநிரலில் அவற்றுக்கு மேலே வரட்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
டர்பன்