காப்புரிமைக்கும் ஆலைக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாநிலத்துப் பல்கலைக்கழகங்களும் பொறியியல் கல்லூரிகளும் இந்த ஆண்டு இத்தனை காப்புரிமை விண்ணப்பங்களைத் தாக்கல் செய்தோம் என்று பெருமையுடன் வெளியிடும் அறிவிப்புகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். துணி வேதியியலைக் கற்பித்தும் அதிலேயே ஆய்வு செய்தும் 31 ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். அவற்றுள் எத்தனை கண்டுபிடிப்புகள் ஏதேனும் ஓர் ஆலைக்குள் நுழைந்தன?

என் அனுபவத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பனியன் துணிக்குச் சாயமேற்றும் முன் அதை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுப்பார்கள். துணியில் தங்கிவிடும் பெராக்சைடைப் போக்காமல் சாயமேற்றினால் நிறம் வெளிறிப் போகும், அல்லது திட்டுத்திட்டாக விழும். ஆகவே சுடுநீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும். இல்லாவிட்டால் கேட்டலேஸ் என்னும் நொதியைச் சேர்த்து, எஞ்சிய பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட வேண்டும். நாங்கள் வாங்கிப் பார்த்த நொதிகளோ, தொட்டி நீரைக் குளிரவைத்து, காரத்தைத் தணித்த பிறகே வேலை செய்தன. என் ஆய்வு மாணவர் ஒருவர் நான்கு ஆண்டுகள் உழைத்து, சூட்டையும் காரத்தையும் கூடுதலாகத் தாங்கும் கேட்டலேஸ் ஒன்றை நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்தார். ஓர் அலசலை மிச்சப்படுத்துவது வெளியூர்க்காரர்களுக்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஏற்றுத்தான் அவை மீண்டும் திறந்தன. அதன்பின் பட்டறைக்குள் நுழையும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் சுத்திகரித்து, எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி மீட்கும் செலவு உரிமையாளர் தலையில்தான் விழுகிறது.

பத்து கிராம் துணியில் பெற்ற முடிவுகளை எடுத்துக்கொண்டு ஒரு சாயப்பட்டறைக்குச் சென்றோம். உரிமையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்: கிலோவுக்கு எத்தனை ரூபாய் ஆகும்? எங்கள் தண்ணீரில் இது வேலை செய்யுமா? முதல் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. நான்கு ஆண்டு ஆய்வில் அந்தக் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது கேள்விக்கு அன்றே விடை கிடைத்தது. நாங்கள் பயன்படுத்தியது காய்ச்சி வடித்த நீர். அங்கே ஓடியதோ சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் நீர். மாதிரித் துணிக்கான 10 கிலோ இயந்திரத்தில் நொதியை ஊற்றி, இருபது நிமிடம் கழித்து டையிங் மாஸ்டர் ஒரு சோதனைத் தாளை நனைத்து எடுத்தார். எங்கள் ஆய்வகத்தில் வெள்ளையாகவே நின்ற தாள் அவர் விரல்களுக்கு நடுவே கண்ணெதிரே நீலமாகியது. பெராக்சைடு போகவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை. "அளவைக் கூட்டிக் குறைச்சுப் பார்க்கலாம் சார். ஞாயித்துக்கிழமை மிஷின் சும்மாதான் நிக்கும், வந்து போட்டுப் பாருங்க" என்றார்.

எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தாம். வெளியிடத்தில் சோதனை நடத்த வேண்டுமானால் ஒப்பந்தம் வேண்டும் என்றது எங்கள் நிறுவனம். அது நியாயமான நிபந்தனைதான். ஆனால் அந்தக் கோப்பு பதிவாளர் அலுவலகம், நிதிப்பிரிவு, சட்ட ஆலோசகர் என்று சுற்றி வர 14 மாதங்கள் ஆயின. இன்னும் விலையே தெரியாத ஒரு பொருளுக்கு ராயல்டி எத்தனை சதவீதம் என்று கேட்டு அது இரண்டு முறை திரும்பி வந்தது. கையெழுத்தானபோது மாணவர் பட்டம் பெற்று வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்; பட்டறை உரிமையாளரும் இறக்குமதியான வேறொரு நொதிக்கு மாறிவிட்டார். அந்த அலுவலர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அப்படியொரு கோப்பைக் கையாளும் பயிற்சியையோ, முடிவெடுக்கும் அதிகாரத்தையோ அவர்களுக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. என் பங்குக்கும் ஒரு பிழை உண்டு. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆய்விதழில் கட்டுரை வெளிவர அனுமதித்துவிட்டேன். அப்படி முன்கூட்டியே வெளியான கண்டுபிடிப்பு புதியதல்ல என்று காப்புரிமை மறுக்கப்படலாம். அமெரிக்காவில் அதற்கு ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. நம் சட்டத்திலுள்ள விலக்குகள் மிகக் குறுகியவை. இதை எனக்கு எடுத்துச் சொல்ல வளாகத்தில் ஓர் ஆளில்லை.

இப்போது எல்லா வளாகங்களிலும் காப்புரிமைப் பிரிவு என்று ஓர் அறை இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது. பெரும்பாலும் அதன் பொறுப்பு, வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கும் ஒரு பேராசிரியருக்குக் கூடுதல் பணியாகத் தரப்பட்டிருக்கிறது. விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே அவருக்கு இடப்பட்ட வேலை. தேசியத் தரவரிசைக் கணக்கெடுப்பில், வழங்கப்பட்ட காப்புரிமைகளுக்கு மட்டுமன்றி, வெளியிடப்பட்ட விண்ணப்பங்களுக்கும் மதிப்பெண் உண்டு. நம் சட்டப்படி ஒரு விண்ணப்பம் பரிசீலிக்கப்படாமலேயே, தாக்கலான 18 மாதங்களில் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகிவிடும். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகையும் இருக்கிறது. நல்லெண்ணத்துடன் தரப்பட்ட சலுகைதான் அது. ஆனால், யாருக்குப் பயன்படும் என்று எண்ணிப் பார்க்காமல் தாக்கல் செய்து மதிப்பெண் வாங்குவதற்கும் அதுவே வழியாகிவிடுகிறது.

முறையாகச் செய்தால் இங்கேயே நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில், பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்ப மாணவர்களும் ஆய்வாளர்களும் ஒரே வளாகத்தில் பயின்றும் பணியாற்றியும் வந்திருக்கிறார்கள். அதன் இயக்குநராக இருந்த டாக்டர் நாயுடம்மா, தோல் பதனிடுவோரைத் தேடிச் செல்வதை ஆய்வாளரின் கடமையாகவே வைத்திருந்தார். கோவையில் 1956-இல் உருவான தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில், தம் சிக்கல்களுக்கு விடை காண நூற்பாலைகளே கூடிப் பணம் போட்டன. 2010-இல் தரமணியில் செயல்படத் தொடங்கிய சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்காவில் ஒரு நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடு கூட்டாய்வு செய்வது, மாணவர்களுக்கு வேலை தருவது போன்றவற்றால் ஆண்டுதோறும் குறிப்பிட்ட புள்ளிகளை ஈட்டியாக வேண்டும். 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டை ஏவிய அக்னிகுல் அந்தச் சூழலில் வளர்ந்த நிறுவனமே. ஆனால் ஐஐடிக்கு வாய்த்த நிலமும் முன்னாள் மாணவர்களும் நிதியும் ஒரு மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு உதவிபெறும் கல்லூரிக்கு வாய்ப்பதில்லை. நம் மாணவர்களில் மிகப் பெரும்பான்மையோர் படிப்பதும், நம் சிறுதொழில்கள் எளிதில் அணுகக்கூடியதும் அத்தகைய கல்லூரிகளைத்தான்.

மத்திய அரசு 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதிக்கு ஒப்புதல் அளித்ததை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அது தனியார் துறைக்கானது. ஒரு கண்டுபிடிப்பு ஆய்வகத்திலிருந்து நடைமுறைப் பயன்பாட்டை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அளக்கும் தொழில்நுட்ப முதிர்ச்சியின் ஒன்பது படிகளில் நான்காம் படியைத் தொட்டவற்றிலிருந்தே அது தொடங்குகிறது. பத்து கிராம் துணியில் நிற்கும் ஆய்வை அந்தப் படிக்குக் கைகொடுத்து ஏற்றிவிடுவது யார்? பொதுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல, அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, 2008-இல் நம் மாநிலங்களவையிலும் ஒரு மசோதா அறிமுகமானது. அது 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. அதைக் குறித்து எனக்குப் பெரிய வருத்தமில்லை. உரிமை யாருக்கு என்பதைச் சட்டம் தீர்த்துவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயப்பட்டறைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் வேலையைச் சட்டத்தால் செய்ய முடியாது.

அந்த வேலைக்கென்றே முழுநேர ஆள் வேண்டும். ஆலையில் குறைந்தது பத்தாண்டு பணியாற்றி, காப்புரிமைச் சட்டமும் செலவுக் கணக்கும் அறிந்தவர்களை ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகமும் நியமித்து, அவற்றின் இணைப்புக் கல்லூரிகளுக்கும் அவர்கள் பதில் சொல்லும்படி செய்ய வேண்டும் என்று தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறேன். சிறு அளவிலான சோதனைகளுக்கு மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அரசே வகுத்து, துறைத்தலைவரும் முதல்வரும் முப்பது நாளில் கையெழுத்திட அதிகாரம் தரலாம்; ராயல்டி பேச்சைப் பொருள் விற்பனைக்கு வரும்போது வைத்துக்கொள்ளலாம். திருப்பூர், ஆம்பூர், சிவகாசி போன்ற தொழில் நகரங்களில், ஆய்வகக் குடுவைக்கும் ஆலை இயந்திரத்துக்கும் இடைப்பட்ட அளவில் சோதித்துப் பார்க்கும் பொதுக்கூடம் ஒன்றையாவது அமைக்க வேண்டும். துணைவேந்தர்களும் ஆண்டறிக்கையில், எத்தனை விண்ணப்பங்கள் என்பதோடு, எத்தனை உரிமங்கள் கைமாறின, எத்தனை ஆலைகளில் சோதனை நடந்தது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

அத்தகைய அலுவலகம் கொங்கு மண்டலத்தில் எங்கு தொடங்கப்பட்டாலும், வாரம் இரண்டு நாள் ஊதியமின்றி வந்து பணியாற்ற நான் ஆயத்தமாக இருக்கிறேன். அந்த டையிங் மாஸ்டரும் இப்போது ஓய்வில்தான் இருக்கிறார். கேட்டேன், அவரும் வருவதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணி வேதியியல் பேராசிரியர்,
திருப்பூர்.