உனக்கு ஃபைன் போட்டாங்கன்னு கேட்டு எனக்கு பொறாமயா இருக்கு

டேய் மொட்ட,

உன் மெசேஜ ஆபீஸ்லதான் படிச்சேன், சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்து சீட்டு மேடம் இன்னா சார்னு கேட்டாங்க, ஒண்ணுமில்ல மேடம் என் ஃபிரெண்டு ஹாலந்துல சைக்கிள்ல போயி போலீஸ்ல மாட்டிகினான்னு சொன்னா நம்பவே இல்ல. ஐன்ட்ஹோவன்ல ராத்திரி லைட் இல்லாம போனதுக்கு நிறுத்தி ஃபைன் எழுதிட்டான், கார்க்காரன எல்லாம் விட்டுட்டு சைக்கிள்காரன புடிக்கிறானுங்கன்னு ஒரு பக்கத்துக்கு பொலம்பி வெச்சிருக்க. பரிதாபப்படுவேன்னு எதிர்பாத்திருப்ப. எனக்கு பொறாமதான்டா வந்துது.

இன்னா பொறாமன்னு கேளு. உன்ன ஒருத்தன் நிறுத்தினான், மூஞ்ச பாத்து பேசினான், எந்த ரூல்னு சொன்னான், ரசீது குடுத்தான். அந்த ஊர்ல நீயும் ஒரு வண்டி. சைக்கிள் ஓட்டிகினே போன் நோண்டக்கூடாதுன்னு 2019 ஜூலைல சட்டமே போட்ட ஊருடா அது. நீயே ஒருவாட்டி எழுதினியே, அங்க காரும் சைக்கிளும் மோதிச்சுன்னா பெரும்பாலும் கார்க்காரன் தலையிலதான் பொறுப்பு விழும்னு. ரெண்டையும் சேத்து பாரு. உன்ன காப்பாத்தவும் செய்றான், தப்பு பண்ணா புடிக்கவும் செய்றான். இங்க எனக்கு ரெண்டும் கெடயாது.

ஸ்கூல் படிக்கிறப்ப நம்மள புடிச்சாங்களே ஞாபகம் இருக்கா? டபுள்ஸ் வேற, டைனமோ வேற எரியல, அந்த ஏட்டு ரெண்டு வீல் வால்டியூபையும் புடுங்கி பாக்கெட்ல போட்டுகினு போடா வீட்டுக்குன்னாரு. நம்ம வேலூர் கோட்டைலேர்ந்து தொரப்பாடி வரைக்கும் தள்ளிகினே போனோம், நீ வழியெல்லாம் அழுத, இல்லன்னு இப்ப சொல்லாத. எங்கப்பா காலத்துல இன்னும் மோசம், சைக்கிளுக்கு முனிசிபாலிட்டில வரி கட்டி டோக்கன் பில்ல வாங்கி மாட்டணும், பில்ல இல்லன்னா நிறுத்திடுவாங்களாம். அதெல்லாம் கொடுமதான், ஆனா யோசிச்சு பாத்தா அப்ப ரோட்ல சைக்கிள்னு ஒண்ணு இருக்கறது போலீஸ் கண்ணுக்கு தெரிஞ்சுதுடா.

இப்ப எல்லாம் இ-சலான். போலீஸ்காரர் நம்பர் பிளேட்ட போட்டோ எடுப்பாரு, வீட்டுக்கு மெசேஜ் வரும். நமக்கு நம்பர் பிளேட்டே இல்ல. 1988 மோட்டார் வாகன சட்டத்துல சைக்கிள் மோட்டார் வண்டி லிஸ்ட்லயே வராது, இன்ஜின் இல்லையே, அதனால அந்த மெஷின்ல என் பேர்ல ஒண்ணும் ஏத்த முடியாது. சந்தோஷம்தானேன்னு கேப்ப. சலான் இல்லன்னா அப்பால இன்னா இருக்கு? வாய் இருக்கு, லத்தி இருக்கு. "யோவ் ஓரம் போ"ன்னு ஒரு சவுண்டு. எந்த ஓரம்? ஓரத்துல ஷேர் ஆட்டோ நிக்கிது, அதுக்கு முன்னால ஒரு கார் பார்க்கிங், அதுக்கு அப்பால பானிபூரி வண்டி, மிச்சத்துல மணலு, ஒடஞ்ச கால்வா சிலாப்பு. காட்பாடி போற ஒண்ணாம் நம்பர் ரெண்டாம் நம்பர் பஸ்காரன் பின்னாடியே ஹாரன் அடிச்சிகினு வருவான், நான் எங்க போறது, பாலாத்துல எறங்கியா? எறங்கலாம், தண்ணிதான் இருக்காதே.

போன வாரம் ஒரு சிக்னல்ல ஒண்ணு பாத்தேன். ஒரு பெரியவரு, அறுபத்தஞ்சு எழுவது இருக்கும், பழைய அட்லஸ் சைக்கிளு, கேரியர்ல இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா ஒரு மூட்ட, மார்க்கெட்டுக்கு எடுத்துகினு போறாரு. ரெட் விழுந்துது, கோட்டுக்கு பின்னாலயே கரெக்டா காலு ஊனி நின்னாரு, அவரு ஒருத்தருதான் நின்னாரு, பைக்குங்க எல்லாம் கோட்ட தாண்டி ஜீப்ரா மேல. பச்ச விழுந்ததும் மூட்ட கனத்துல சட்டுனு பெடல் ஏற மாட்டேன்னுது, பின்னாடி ஹாரன் காத கிழிக்குது, டூட்டில இருந்த போலீஸ்காரர் வந்து லத்தியால கேரியர்ல ரெண்டு தட்டு, "பெருசு, எடு எடு". அதே நேரம் எதிர் பக்கத்துலேர்ந்து கட்சிக்கொடி கட்டின ஒரு கார் ராங் சைடுல நேரா வருது, அதுக்கு அவரு கைய காட்டி வழி விட்றாரு. பெரியவரு அந்த கார பாத்து ஒதுங்கப்போயி வண்டி சாஞ்சு மூட்ட வாயி அவுந்து கத்திரிக்கா ரோடெல்லாம் உருளுது. நாலஞ்சு ஆட்டோ டயர்ல நசுங்கிடுச்சு. மிச்சத்த ஒவ்வொண்ணா பொறுக்கி வேட்டில தொடச்சு தொடச்சு போட்டாரு, காம்புல இருக்கற முள்ளு குத்துது, கைய ஒதறிகினே பொறுக்கறாரு.

இதுல இன்னொண்ணும் சொல்லணும், அந்த போலீஸ்காரரும் குனிஞ்சு பொறுக்கி குடுத்தாரு. கெட்ட மனுஷன் இல்ல. அப்பால டீக்கடையில அவருகிட்டயே கேட்டேன், ஏன் சார் அந்த கார நிறுத்தலன்னு. நம்ம ஊரு வெயில்ல நின்னு நின்னு மூஞ்சி கறுத்துப்போயி இருந்தாரு, சிரிச்சாரு. "சார், ஹெல்மெட் போடாதவன் சிக்னல்ல தானா வந்து நிப்பான், போட்டோ எடுத்தா முடிஞ்சுது. ராங் சைடுல வர்றவன நான் குறுக்க போயி நிறுத்தணும். அவன் நிக்கலன்னா நான்தான் அடியில போவேன். நின்னான்னா போன எடுத்து யாருக்காவது போட்டு என் கையில குடுப்பான்." அவ்வளவுதான் சொன்னாரு, டீய குடிச்சுட்டு போயிட்டாரு.

எனக்கு அதுக்கு அப்பால அவரு மேல கோவம் வரல, ஆனா கோவம் போகவும் இல்ல. இவங்க புடிக்கிறது எல்லாம் எது சுலபமோ அத. எது ஆபத்தோ அத இல்ல. 2022 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுல ஹெல்மெட் இல்லன்னா 1000 ரூபா, சரி, போடட்டும், நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஹெல்மெட் போடாதவன் அவன் தலைய ஒடச்சுப்பான், ராங் சைடுல வர்றவன் என் தலைய ஒடப்பான். 2019ல சட்டத்த திருத்துனப்ப ராங் சைடுல ஓட்டறதையும் சிக்னல் தாண்டறதையும் ஆபத்தா வண்டி ஓட்டறதுங்கற கணக்குல சேத்துட்டாங்க, 1000லேர்ந்து 5000 வரைக்கும் ஃபைன், ஜெயிலுக்கே கூட அனுப்பலாம். 2017 டிரைவிங் ரெகுலேஷன்ல சைக்கிள்காரன், நடக்கறவன், கொழந்தைங்க, வயசானவங்க மேல தனியா கவனமா இருக்கணும்னு ஓட்டறவனுக்கு எழுதியே வெச்சிருக்கு. படிச்சு பாத்தா கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு அழகா எழுதியிருக்காங்க.

நீ உடனே கேப்ப, சைக்கிள்காரன் மட்டும் யோக்கியமாடான்னு. இல்லடா. ரெட்டுல போறான், ஒன்வேயில எதுக்க வர்றான், பசங்க மூணு பேரு வரிசையா ரோட்ட அடைச்சுகினு கத பேசிகினு போவுதுங்க. புடிக்கட்டும், ஃபைன் போடட்டும், நான் மொத ஆளா கட்றேன். ஆனா ஒண்ணு, அமெரிக்காவுல ஐடஹோன்னு ஒரு மாநிலம், 1982லயே ஸ்டாப் போர்டு இருக்கற எடத்துல சைக்கிள்காரன் முழுசா நிக்க வேணாம், பாத்து வழி விட்டுட்டு போலாம்னு சட்டமே போட்டுட்டான். பத்து கிலோ வண்டியையும் பத்து டன் லாரியையும் ஒரே தராசுல வெக்க முடியாதுன்னு அங்க ஒருத்தனுக்கு தோணியிருக்கு. இங்கயும் தராசு ஒண்ணுதான், என்னா, லாரி பக்கம் யாரோ வெரல வெச்சு அழுத்திகினு இருக்காங்க.

(நம்ம ஊரு ரோட்டு வேலைய பத்தி உனக்கு சொல்லணுமா, 2022ல நிறுத்தி வெச்சிருந்த பைக்க நவுத்தாமலே வீலோட சேத்து சிமெண்ட் ரோடு போட்டு ஊரே நாறிச்சே. நான் அதுலேர்ந்து சைக்கிள தெருவுல நிறுத்தறதே இல்ல, மாடிப்படி அடியில கட்டி வெக்கிறேன்.)

எனக்கு ரொம்ப பயமா இருக்கறது சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடுதான். சாயங்காலம் ஸ்கூல் விட்றப்ப வந்து பாரு. ப்ளஸ் ஒன் புள்ளைங்க கவர்மெண்ட் குடுத்த சைக்கிள்ல வரும், அந்த ஸ்கீம் 2001ல ஆரம்பிச்சுது, அப்ப எஸ்சி எஸ்டி பொம்பள புள்ளைங்களுக்கு மட்டும், அப்பால எல்லா பசங்களுக்கும் வந்துடுச்சு, நல்ல திட்டம், எவ்வளவோ புள்ளைங்க அதாலதான் படிப்ப நிறுத்தாம வந்துது. அதுங்க ஒழுங்கா எடது பக்கமா வரும், எதுக்க பைக்குங்க, தண்ணி கேன் வண்டிங்க, யூ டர்ன் வரைக்கும் போக சோம்பேறிப்பட்டுகினு ராங் சைடுல வரும், லைட்ட போட்டு ஹாரன் அடிச்சு இந்த புள்ளைங்கள ஒதுங்க சொல்லும். ஒதுங்கினா ஹைவே பக்கத்து கம்பி. சைக்கிள குடுத்த கவர்மெண்டு ஓட்றதுக்கு ஒரு முழம் ரோட்டையும் குடுத்திருக்கலாம்.

நம்ம கூட படிச்ச கண்ணாடி சொல்றான், விடு மச்சி, ஸ்கூட்டி வாங்கிக்க, வயசாச்சுல்லன்னு. வீட்லயும் அதேதான் சொல்றா. எனக்கு சுகர் இருக்குது, சைக்கிள் விட்டா மாத்திர ஏறும், டாக்டர் சொல்லிட்டாரு.

அதனால ஒரு வேல பண்ணிகினு இருக்கேன். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்வு நாள் நடக்குதுல்ல, அங்க குடுக்க ஒரு மனு எழுதியிருக்கேன். சைக்கிள் பாதை போடுங்க, அது போடுங்க இது போடுங்கன்னு எல்லாம் கேக்கல, கேட்டா ஃபைல்ல போயி தூங்கிடும். ஸ்கூல் விட்ற ஒரு மணி நேரத்துக்கு அந்த சர்வீஸ் ரோடு மொனையில ரெண்டு போலீஸ்காரங்கள நிறுத்துங்க, தனியா ஒருத்தர நிறுத்தாதீங்க, கூடவே ரெண்டு பேரிகேட் குடுங்க, ராங் சைடு வண்டி தானா நிக்கும், அப்ப போட்டோ எடுக்கறது ஹெல்மெட் கேஸ் மாதிரி சுலபமாயிடும். இவ்வளவுதான். டீக்கடையில அவரு சொன்னதுலேர்ந்து வந்த ஐடியாதான் இது. ஸ்கூல் பிடிஏல நாலஞ்சு பேரு கையெழுத்து போட்றேன்னு சொல்லியிருக்காங்க. மனுவ போட்டோ எடுத்து அனுப்பறேன், நீதான் தமிழ்ல நல்லா எழுதுவியே, எங்க நீளமா இருக்குதோ வெட்டி குடு, ஞாயித்துக்கெழமக்குள்ள வேணும்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, உன்ன கேட்டுகினே இருக்காங்க. கண்ணாடி பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம், ராணிப்பேட்ட மாப்ள, டிக்கெட் இப்பவே போட்டுடு. மக்கன்பேடா நான் ஆற்காடு போயி வாங்கி வெக்கிறேன், நீ அந்த ஊரு சீஸ் எல்லாம் தூக்கிகினு வராத, போன தடவ வந்தது யாரும் தின்னல.

உன்,
ஒல்லி