டாரியோ ஃபோவின் நாடகங்களை மேடையேற்றும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடகக் குழுவினருக்கு,

வணக்கம். இத்தாலிய நாடகாசிரியர் டாரியோ ஃபோவின் நாடகங்களுக்கு நீங்கள் அச்சிடும் சுவரொட்டிகளிலும் அழைப்பிதழ்களிலும் அவருடைய மனைவி ஃபிராங்கா ராமேயின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1926இல் வட இத்தாலியின் சான்ஜானோ என்ற சிற்றூரில் பிறந்த ஃபோ, மிலானில் ஓவியம் பயின்று, பிறகு மேடைக்கு வந்தவர். ராமேயோ ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்ட குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாகவே மேடையேறியவர். 1954இல் இருவரும் மணந்துகொண்டனர். 1962இல் அரசுத் தொலைக்காட்சி நிர்வாகம், கட்டடத் தொழிலாளர்களின் பாதுகாப்பற்ற நிலையைப் பற்றிய அவர்களுடைய காட்சிக்குத் தடை போட்டபோது, இருவரும் ஒன்றாகவே வெளியேறினர். அதன் விளைவாக நெடுங்காலம் தொலைக்காட்சியில் இடமில்லாமல் போனதும் இருவருக்கும்தான்.

மிலான் காவல் தலைமையகத்தின் நான்காம் மாடிச் சன்னலிலிருந்து 1969 டிசம்பரில் விழுந்து இறந்த ரயில்வே தொழிலாளி ஜுசெப்பே பினெல்லியின் மரணத்தை முன்வைத்து மறு ஆண்டே உருவான நாடகம், ஃபோவின் புகழை உலகெங்கும் கொண்டுசென்றது. அந்தத் துணிச்சலைப் போற்றுகிறவர்கள், அதே ஆண்டுகளில் ராமே கொடுத்த விலையை ஏனோ பேசுவதில்லை. 1973 மார்ச்சில் மிலானில் அவரை வண்டியில் கடத்திய பாசிசக் கும்பல், சிகரெட்டால் சுட்டு, பிளேடால் கீறி, பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியது. பின்னாளில் அந்தக் கொடுமையைத் தனிநடிப்பாக எழுதி, வெற்று மேடையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, அவரே நடித்தார். தொடக்கத்தில் அதை வேறொரு பெண்ணின் வாக்குமூலமாகவே பார்வையாளர்களுக்கு அறிமுகப்படுத்தினார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஃபோவின் பிரதிகளை முதலில் கேட்டுக் குறை சொன்னவரும், மேடையில் மாறிக்கொண்டே இருந்த வசனங்களை ஒழுங்குபடுத்தி நூலாக்கியவரும் ராமேதான். 1997இல் நோபல் பரிசு ஃபோ ஒருவருக்கே அறிவிக்கப்பட்டது. ஆயினும், ஸ்டாக்ஹோம் உரையில் அவரே அந்தப் பெருமை தங்கள் இருவருக்கும் உரியது என்று சொன்னார்.

எல்லா நாடகங்களுக்கும் ராமேயை இணையாசிரியராக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பெண்களின் வாழ்வைப் பற்றி 1977இல் மேடையேறிய தனிநடிப்புத் தொகுப்பு, 1983இல் வந்த 'திறந்த தம்பதி' போன்று இருவரும் சேர்ந்து எழுதியவற்றில் இரு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். மற்றவற்றுக்கு, நிகழ்ச்சிக் குறிப்பில் அவருடைய பங்கைச் சொல்லும் ஒரு பத்தியையேனும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாடகங்களின் பார்வையாளர் ஒருவர்