வாங் தேவாலயத்தின் கல் கோபுரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போலந்து நாட்டின் கார்பாச் மலையூரில் உள்ள வாங் மரத் தேவாலயம் பற்றிச் சென்ற இதழில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். அங்கு வேலை பார்க்கும் மகனுடன் இரண்டாண்டுகளுக்கு முன் அதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் ஒரு பிழையைச் சுட்ட விரும்புகிறேன். தேவாலயத்தை ஒட்டி நிற்கும் கல் கோபுரமும் 800 ஆண்டுப் பழமையானது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது மலைக்காற்றை மறிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. பழமையெல்லாம் மரக் கட்டடத்துக்கே உரியது. அதுவும் அந்த மலையில் கட்டப்பட்டதன்று.

நார்வேயில் வாங் என்ற ஊரில் இருந்த அத்தேவாலயத்தில் இடம் போதாமற்போகவே, ஊரார் புதியதைக் கட்டிக்கொண்டு பழையதை விற்க முன்வந்தனர். ஓவியர் யோஹான் கிறிஸ்தியான் டால் எடுத்த முயற்சியால் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம் அதை வாங்க, பிரித்தெடுத்த மரங்கள் கடல் கடந்து பெர்லினுக்கும், அங்கிருந்து இம்மலைக்கும் வந்துசேர்ந்து, 1844இல் தேவாலயம் மீண்டும் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. சிதைந்த பாகங்களுக்குப் புது மரம் சேர்த்தே நிறுத்தினார்கள் என்பதால், இன்று காண்பது முழுவதும் பழையது என்றும் சொல்ல இயலாது. வாசல்நிலைகளின் செதுக்கு வேலை நார்வேயிலிருந்து வந்தது. அதன் முன் நான் அரை மணி நேரம் நின்றேன்.

என் தந்தையார் மத்திகிரியில் மரத்தச்சர். ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று சொல்லி, ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி மற்றொன்றின் துளையில் இறக்கியே நிலைகளைப் பூட்டுவார். அதே வேலையை அங்கே ஒரு தூணடியில் கண்டேன். பொருத்தின் இடுக்கில் என் பேருந்துச் சீட்டின் ஓரம்கூட நுழையவில்லை. மண்ணில் நேராக நட்ட தூண்கள் அடியில் மக்கிப்போகக் கண்ட நார்வே தச்சர்கள், பின்னர் கல் அடித்தளத்தின் மீது உத்தரம் கிடத்தி அதன்மேல் தூண்களை நிறுத்தினார்களாம். நம் திண்ணைத் தூண்களைக் கல்லின்மேல் ஏற்றி வைப்பதும் இதே கவலையால்தான். இங்கே கறையானும் கூடுதல்.

ஏறக்குறைய ஓசூரின் உயரத்தில்தான் அத்தேவாலயம் இருக்கிறது என்று மகன் சொன்னபோது, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த நான் நம்பவில்லை. இன்றும் வழிபாடு நடக்கும் இடமாதலால், அந்நேரத்தில் சுற்றிப் பார்க்க விடுவதில்லை. கட்டுரையில் இதையும் சேர்த்து, கோபுரம் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மத்திகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.